தாலாட்டுக்கு அனுமதி, செய்திக்குத் தடை!

தனியார் பண்பலை வானொலியின் காலை அரட்டைக்குப் பின்னால் இருக்கும் சட்டமும் அரசியலும்

புதுதில்லி: தலைநகர் தில்லியில் காலை எட்டு மணிக்கு அலுவலகம் செல்லும் காரிலோ ஆட்டோவிலோ ஏறி அமர்ந்தால், காதில் விழுவது பெரும்பாலும் பண்பலை வானொலி அறிவிப்பாளர்களின் அரட்டைதான். இருவர் சேர்ந்து நடத்தும் நிகழ்ச்சியில் ஒருவர் அண்மையில் பெற்றோராகியிருந்தால், அடுத்த ஆறு மாதங்களுக்குப் பேச்சுப் பொருளுக்குப் பஞ்சமில்லை. இரவு மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு விளையாடத் தொடங்கும் குழந்தை, தூங்கி வழிந்தபடி ஒலிவாங்கியின் முன் வந்து உட்காரும் தந்தை, மாமியார் சொல்லும் கைவைத்தியத்துக்கும் மருத்துவர் சொல்லும் அறிவுரைக்கும் நடுவே தவிக்கும் தாய் என்று பேச்சு நீள்கிறது. ஒருவர் புலம்ப, மற்றவர் கேலி செய்ய, இடையே ஒரு ஹிந்தித் திரைப்பாடல், ஆஷ்ரம் சந்திப்பில் வாகன நெரிசல் என்றொரு தகவல், மீண்டும் குழந்தை.

அரசியல் ஆர்வம் உள்ளவர்கள் இதை வெற்று அரட்டை என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். ஆனால், நாட்டின் தனியார் வானொலி முழுவதும் இப்படி வீட்டுக் கதையிலும் வேடிக்கைப் பேச்சிலும் நிலைகொண்டிருப்பதற்கு நேயர்களின் ரசனை மட்டுமே காரணம் அல்ல. மத்திய அரசின் விதியும் ஒரு காரணம். தனியார் பண்பலை நிலையங்கள் தாங்களாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்பக் கூடாது. நடப்பு விவகாரங்களையும் விவாதிக்கக் கூடாது. செய்தித்தாளுக்கும் தொலைக்காட்சிக்கும் இல்லாத இந்தத் தடை, எழுதப் படிக்கத் தெரியாதவரும் எளிதில் அணுகக்கூடிய ஊடகத்துக்கு மட்டும் நீடிக்கிறது.

அலைவரிசை யாருக்குச் சொந்தம்?: ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் 1936-ல் "ஆல் இந்தியா ரேடியோ' என்று பெயர் பெற்ற அரசு வானொலி, சுதந்திரத்துக்குப் பிறகும் பல பத்தாண்டுகள் தனியுரிமையுடன் இயங்கியது. 1993-ல் சில நகரங்களில் தனது பண்பலை நேரத்தின் ஒரு பகுதியைத் தனியாருக்கு வாடகைக்கு விட்டது. அதுவும் 1998-ல் நிறுத்தப்பட்டது.

இதற்கிடையே 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு அடிப்படையையே மாற்றியது. ஹீரோ கோப்பை கிரிக்கெட் போட்டியை ஒளிபரப்பும் உரிமை தொடர்பாக வங்காள கிரிக்கெட் சங்கத்துக்கும் மத்திய அரசுக்கும் இடையே எழுந்த வழக்கு அது. நீதிபதிகள் பி.பி. சாவந்த், எஸ். மோகன், பி.பி. ஜீவன் ரெட்டி ஆகியோர் அடங்கிய அமர்வு, அலைவரிசைகள் பொதுச் சொத்து என்றும், அவற்றை அரசோ தனியாரோ ஏகபோகமாக வைத்துக்கொள்வது கருத்துச் சுதந்திரத்துக்கு உகந்தது அல்ல என்றும் கூறியது.

அதன் பின்னரே கதவு திறந்தது. ஆனால் பாதி அளவு மட்டும். 1999-ல் முதல் கட்ட உரிமக் கொள்கை அறிவிக்கப்பட்டது. 2001 ஜூலையில் பெங்களூரில் நாட்டின் முதல் தனியார் பண்பலை நிலையம் ஒலிக்கத் தொடங்கியது. உரிமக் கட்டணச் சுமை தாங்க முடியாமல் நிறுவனங்கள் தடுமாறியதால், 2005-ல் வந்த இரண்டாம் கட்டக் கொள்கை வருவாயில் பங்கு என்ற முறைக்கு மாறியது. 2011-ல் மூன்றாம் கட்டக் கொள்கையும், 2015-ல் அதற்கான மின்னணு ஏலமும் வந்தன. 2024 நிலவரப்படி 113 நகரங்களில் 388 தனியார் பண்பலை நிலையங்கள் இயங்கின. நிலையங்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. செய்திக்கான தடை மட்டும் அசையவில்லை.

எது செய்தி, எது தகவல்?: மூன்றாம் கட்டக் கொள்கையில் அரசு ஒரு சிறு தளர்வைச் செய்தது. அரசு வானொலியின் செய்தியறிக்கையை எந்த மாற்றமும் இல்லாமல் அப்படியே மறு ஒலிபரப்புச் செய்யலாம் என்றது. வானிலை, போக்குவரத்து, விளையாட்டு நிகழ்வுகள், தேர்வு முடிவுகள், மின்வெட்டு, குடிநீர் விநியோகம், இயற்கைச் சீற்ற எச்சரிக்கை போன்றவை "செய்தி அல்லாதவை' என்று வகைப்படுத்தப்பட்டன. 2019 ஜனவரியில் அரசு வானொலிச் செய்திகளைத் தனியார் நிலையங்களுக்குக் கட்டணமின்றி வழங்கும் ஏற்பாடு தொடங்கி வைக்கப்பட்டது.

காகிதத்தில் இந்தப் பிரிவினை தெளிவாகத் தோன்றலாம். ஒலிவாங்கியின் முன் அது அவ்வளவு எளிதல்ல. கைக்குழந்தை உள்ள ஒரு தில்லிக் குடும்பத்தையே எடுத்துக்கொள்வோம். நவம்பர் மாதம் காற்று மாசு உச்சத்தை எட்டுகிறது. "இன்று குழந்தையை வெளியே தூக்கிச் செல்லாதீர்கள்' என்று அறிவிப்பாளர் சொன்னால் அது வானிலைத் தகவல். "ஆண்டுதோறும் இதே நிலைமைதானே, பொறுப்பானவர்கள் என்ன செய்கிறார்கள்?' என்று உடன் இருப்பவர் கேட்டால், அது நடப்பு விவகாரம் ஆகிவிடக்கூடும்.

இன்னோர் எடுத்துக்காட்டு, மழலையர் பள்ளிச் சேர்க்கை. தில்லியில் குழந்தை நடக்கப் பழகும் முன்பே பெற்றோரைப் பிடித்துக்கொள்ளும் கவலை இது. உயர் நீதிமன்றம் அமைத்த கங்குலி குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து 2007-ல் புள்ளி முறை வந்தது. வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரம், அண்ணனோ அக்காவோ அதே பள்ளியில் படிக்கிறார்களா, பெற்றோர் அப்பள்ளியின் முன்னாள் மாணவரா என்பவற்றுக்கெல்லாம் மதிப்பெண். இந்தச் சேர்க்கை தொடர்பான வழக்குகள் நீதிமன்றப் படிகளில் பலமுறை ஏறி இறங்கியுள்ளன. "பள்ளியின் அருகே வீடு மாற்றப் போகிறேன்' என்று வானொலித் தந்தை நகைச்சுவையாகப் புலம்பலாம், கல்வி உரிமைச் சட்டப்படி ஏழைக் குழந்தைகளுக்கு ஒதுக்க வேண்டிய 25 சதவீத இடங்கள் முறையாக நிரப்பப்படுகின்றனவா என்று ஒரு விவாதம் நடத்த முடியாது. புலம்பலுக்கு இடமுண்டு, காரணம் கேட்க இடமில்லை.

நகைச்சுவையே கேடயம்: இந்த இடுக்குக்குள் இருந்தபடியே அறிவிப்பாளர்கள் சிலர் பொதுப் பிரச்னையைத் தொட்டிருக்கிறார்கள். 2017 ஜூலையில் மும்பையின் பிரபல வானொலி அறிவிப்பாளர் மலிஷ்கா, மழைக்காலத்தில் குண்டும் குழியுமாகும் சாலைகளைக் கிண்டல் செய்து ஒரு நையாண்டிப் பாடல் வெளியிட்டார். அது செய்தி அல்ல, விவாதமும் அல்ல. ஆனாலும் மாநகராட்சியை ஆண்ட சிவசேனைக் கட்சியினர் கொதித்தெழுந்தனர். அவர் மீது 500 கோடி ரூபாய் கேட்டு அவதூறு வழக்குத் தொடர வேண்டும் என்ற கோரிக்கை அக்கட்சியினரிடமிருந்து எழுந்தது. அடுத்த சில நாள்களில், மலிஷ்காவின் குடும்பத்தினர் வசிக்கும் வீட்டில் டெங்கு கொசுப் புழுக்கள் காணப்பட்டதாக மாநகராட்சி நோட்டீஸ் அனுப்பியது. கிண்டலுக்கே இப்படியென்றால், நேரடியான கேள்விக்கு என்ன நேரும் என்பதை அறிவிப்பாளர்கள் புரிந்துகொண்டிருப்பார்கள்.

செய்தித் தடையை எதிர்த்து "காமன் காஸ்' என்ற தன்னார்வ அமைப்பு 2013-ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடர்ந்தது. தனியார் வானொலியிலும் சமுதாய வானொலியிலும் ஒலிபரப்பாகும் செய்திகளைக் கண்காணிக்கப் போதிய ஏற்பாடு இல்லை, எனவே பாதுகாப்புக்கு ஆபத்து நேரலாம் என்பது மத்திய அரசின் நிலைப்பாடு. நூற்றுக்கணக்கான தனியார் தொலைக்காட்சிச் செய்தி அலைவரிசைகளை அனுமதித்த நாட்டில் இந்த வாதம் எவ்வளவு எடுபடும் என்பது நியாயமான கேள்வி.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான "டிராய்', 2023 செப்டம்பரில் அளித்த பரிந்துரையில், தனியார் பண்பலை நிலையங்கள் மணிக்குப் பத்து நிமிடம் வரை செய்தி மற்றும் நடப்பு விவகார நிகழ்ச்சிகளை ஒலிபரப்ப அனுமதிக்கலாம் என்றது. 2024 ஆகஸ்டில் 234 புதிய நகரங்களில் 730 அலைவரிசைகளை ஏலம் விட மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. தாய்மொழியில் உள்ளூர் நிகழ்ச்சிகள் பெருகும், வேலைவாய்ப்பு உருவாகும், வட்டார வழக்கும் கலாசாரமும் ஊக்கம் பெறும் என்று அப்போது அரசு கூறியது. உள்ளூர்ச் செய்தி சொல்ல முடியாத உள்ளூர் வானொலி எப்படி முழுமை பெறும் என்பதற்கு அதில் விடை இல்லை.

வீட்டுப் பேச்சின் வலிமை: அதே நேரத்தில், வீட்டைப் பற்றிய பேச்சு என்பதாலேயே அது அற்பமானது என்று கருதிவிடவும் கூடாது. அதன் வலிமையைக் காட்டியது அரசு வானொலியே. 1996 பிப்ரவரி முதல் ஓராண்டு காலம் வட இந்தியாவில் "தின்கா தின்கா சுக்' என்ற ஹிந்தித் தொடர் நாடகம் ஒலிபரப்பானது. குடும்பம், பெண் கல்வி, வரதட்சிணை ஆகியவை அதன் கருப்பொருள்கள். உத்தரப் பிரதேசத்தில் உள்ள லுட்சான் என்ற கிராமத்தினர் அதைக் கேட்டுவிட்டு, வரதட்சிணை கொடுக்கவோ வாங்கவோ மாட்டோம் என்று உறுதியெடுத்து, 184 பேர் கையெழுத்திட்ட கடிதத்தை வானொலிக்கு அனுப்பினர். அந்த உறுதிமொழியை எல்லோரும் கடைசிவரை காப்பாற்றினார்கள் என்று சொல்வதற்கில்லை. ஆனால், ஒரு கிராமமே கூடி வீட்டு வழக்கத்தை விவாதிக்க வானொலி காரணமாக இருந்தது.

அந்த வகையில், "நேற்று இரவு நான்தான் குழந்தைக்குத் துணி மாற்றினேன்' என்று ஓர் ஆண் லட்சக்கணக்கானோர் கேட்கச் சொல்வது சாதாரணமானது அல்ல. மத்திய அரசின் 2024-ம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்கள் செலவிடுகின்றனர். ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடங்கள். குழந்தைகள், முதியோர் உள்ளிட்டோரைப் பராமரிக்கும் வேலையில் 15 முதல் 59 வயது வரையிலான பெண்களில் 41 சதவீதம் பேர் பங்கேற்கின்றனர். ஆண்களில் ஏறத்தாழ 21 சதவீதம் பேர் மட்டுமே. இந்த இடைவெளியைப் பற்றிப் பேசுவது அரசியல் இல்லை என்றால், வேறு எதுதான் அரசியல்?

தந்தைக்கு விடுப்பு எங்கே?: வானொலி அரட்டையில் அடிக்கடி வரும் ஒரு கேலி, குழந்தை பிறந்த சில நாள்களிலேயே பணிக்குத் திரும்பும் தந்தையைப் பற்றியது. "வீட்டில் வேலை அதிகம் என்று இங்கே ஓடி வந்துவிட்டாயா?' என்று உடன் இருப்பவர் சீண்டுவார். சிரிப்பு அடங்கியதும் மிஞ்சுவது சட்டம். மத்திய அரசின் ஆண் ஊழியருக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. தனியார் துறை ஊழியருக்கு அப்படியொரு சட்ட உரிமை கிடையாது. நிறுவனம் மனமிரங்கினால் உண்டு. தனியார் துறைக்கும் இந்த உரிமையை விரிவுபடுத்த, காங்கிரஸ் உறுப்பினர் ராஜீவ் சாதவ் 2017-ல் மக்களவையில் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை.

தாயின் நிலை ஒப்பீட்டளவில் மேல். 1961-ம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 2017-ல் திருத்தப்பட்டு, முதல் இரு குழந்தைகளுக்கு ஊதியத்துடன் கூடிய விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் கட்டாயமானது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இந்த அம்சங்கள் தொடர்கின்றன. தந்தைமை விடுப்பு அதில் இடம்பெறவில்லை. மாநில அரசு ஊழியர்களைப் பொருத்தவரை, தமிழகம் 2021 ஜூலை முதல் மகப்பேறு விடுப்பை 12 மாதங்களாக்கியது. சிக்கிம் அரசு 2023-ல் தாய்க்கு 12 மாதம், தந்தைக்கு ஒரு மாதம் என்று அறிவித்தது.

ஆனால், 26 வார ஊதியச் சுமை முழுவதும் நிறுவனத்தின் தலையில் விழுவதால், இளம் பெண்களைப் பணியில் சேர்க்கவே தயங்கும் போக்கு உருவாகலாம் என்ற அச்சம் 2017-லேயே எழுந்தது. குறைந்த ஊதியம் பெறும் பெண்களுக்காக ஏழு வார ஊதியத்தை நிறுவனங்களுக்குத் திருப்பித் தரும் திட்டம் பரிசீலனையில் இருப்பதாக 2018 நவம்பரில் தொழிலாளர் அமைச்சகம் தெரிவித்தது. தாய்க்கு மட்டும் நீண்ட விடுப்பு, தந்தைக்கு ஒன்றுமில்லை என்ற ஏற்பாட்டில், குழந்தை என்றாலே பெண்ணின் பொறுப்பு என்ற பழைய கணக்கைச் சட்டமும் ஒப்புக்கொண்டதாக ஆகிறது.

ஒப்பந்தக் குரல்கள்: இன்னொரு சிக்கலும் உண்டு. வானொலியில் குழந்தைக் கதை சொல்பவர்களில் பலர் ஒப்பந்த அடிப்படையில் பணிபுரிபவர்கள். அரசு வானொலியிலும் "தாற்காலிக அறிவிப்பாளர்கள்' மாதத்தில் சில நாள்களுக்கு மட்டும் பணி பெறுபவர்களே. இத்தகையோருக்கு மகப்பேறு உரிமை உண்டா?

உச்ச நீதிமன்றத்தின் போக்கு நம்பிக்கை தருகிறது. தில்லி மாநகராட்சியில் தினக்கூலிகளாகச் சாலைப் பணி செய்த பெண்கள் தொடர்பான வழக்கில், 2000 மார்ச் 8-ம் தேதி அளித்த தீர்ப்பில், மகப்பேறு நலன் நிரந்தர ஊழியர்களுக்கு மட்டும் உரியது அல்ல என்று நீதிமன்றம் கூறியது. தில்லியில் அரசு மருத்துவமனை ஒன்றில் ஒப்பந்தப் பணியில் இருந்த பெண் மருத்துவர் தொடர்ந்த வழக்கில், 2023 ஆகஸ்டில் அது மேலும் ஒரு படி சென்றது. விடுப்புக் காலத்தின் நடுவே ஒப்பந்தம் முடிந்துவிட்டாலும், மகப்பேறு நலன் முழுமையாகக் கிடைக்க வேண்டும் என்றது.

இருப்பினும், "ஊழியர்' என்ற சொல்லே இல்லாமல் "சேவை ஒப்பந்தம்' என்று எழுதிக்கொள்ளும் துறைகளில் இந்தத் தீர்ப்புகளின் பயனைப் பெற ஒருவர் வழக்காட வேண்டியிருக்கும். காலை நிகழ்ச்சியில் குரல் மாறினால் நேயர் மறந்துவிடுவார் என்ற அச்சத்தில் வாழ்பவர், கைக்குழந்தையுடன் நீதிமன்றம் ஏறுவார் என்று எதிர்பார்க்க இயலாது. பிள்ளைப்பேறு பற்றிச் சிரிக்கச் சிரிக்கப் பேசும் குரல், தனது விடுப்பு உரிமையைப் பற்றி மட்டும் பேசாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

மச்சனூர் காட்டும் வழி: தில்லி, மும்பை நகரங்களின் பளபளப்புக்கு அப்பால் வேறொரு வானொலியும் இந்நாட்டில் உண்டு. 2002-ல் கல்வி நிறுவனங்களுக்குச் சமுதாய வானொலி அனுமதி அறிவிக்கப்பட்டபோது, முதல் நிலையத்தை 2004 பிப்ரவரியில் தொடங்கியது சென்னை அண்ணா பல்கலைக்கழகம். 2006-ல் தன்னார்வ அமைப்புகளுக்கும் அந்த அனுமதி விரிவுபடுத்தப்பட்டது.

தெலங்கானாவில் உள்ள மச்சனூர் கிராமத்தில் 2008 அக்டோபர் 15-ம் தேதி "சங்கம் ரேடியோ' ஒலிக்கத் தொடங்கியது. நடத்துபவர்கள் தலித் பெண்கள். விதை, மழை, மருத்துவச்சி சொன்ன பத்திய உணவு, மகளின் படிப்பு என்று தங்கள் பேச்சு வழக்கிலேயே பேசுகிறார்கள். அதைத் தொடங்கி வைத்தவர், அலைவரிசை பொதுச் சொத்து என்று 1995-ல் தீர்ப்பளித்த அதே நீதிபதி சாவந்த் என்பது குறிப்பிடத்தக்கது. 2009-ல் தில்லியை ஒட்டிய குர்கானில் தொடங்கப்பட்ட "குர்கான் கி ஆவாஸ்' நிலையம், பிழைப்புத் தேடி வந்த தொழிலாளர்களுக்குக் குரல் கொடுத்தது. இன்று நாட்டில் 500-க்கும் மேற்பட்ட சமுதாய வானொலி நிலையங்கள் உள்ளன. இவற்றுக்கும் சொந்தமாகச் செய்தி ஒலிபரப்ப அனுமதி இல்லை.

நகரத்துப் பண்பலையில் குழந்தை வளர்ப்பு என்பது பெரும்பாலும் வசதியுள்ள குடும்பத்தின் கதை. உதவிக்கு ஆள் உண்டு, மருத்துவமனை உண்டு, விளம்பரதாரரின் பொருளும் நடுவே வந்துபோகும். குர்கானில் பிறர் வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வரும் பெண், தனது குழந்தையை யாரிடம் விட்டுவிட்டு வருகிறாள் என்பது மற்றொரு கதை. முதல் கதையை விளம்பரம் தாங்கிப் பிடிக்கிறது. இரண்டாவது கதை, அதைச் சொல்ல ஒலிவாங்கி கிடைத்தால்தான் வெளியே வரும். அக்கதையைச் சொல்லத் தொடங்கினால் ஊதியம், காப்பகம், அங்கன்வாடி எனப் பேச்சு தானாகவே அரசின் வாசலுக்கு வந்து நிற்கும். அந்த வாசலில்தான் தடைப் பலகை தொங்குகிறது.

வானொலி அரட்டை நின்றுவிட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. தூக்கமிழந்த பெற்றோருக்கு, தங்களைப் போல் இன்னொருவரும் விழித்திருக்கிறார் என்பதே பெரிய ஆறுதல். ஆனால், பொதுச் சொத்தான அலைவரிசையில் அழுகிற குழந்தையின் கதையைச் சொல்லலாம், அதன் தொட்டில் இருக்கும் ஊரின் காற்றும் நீரும் ஏன் கெட்டன என்று கேட்கக் கூடாது என்பது நியாயமாகத் தெரியவில்லை. மணிக்குப் பத்து நிமிடம் என்ற டிராயின் பரிந்துரை பெரிய சலுகை அல்ல. அதையேனும் மத்திய அரசு ஏற்க வேண்டும். சமுதாய வானொலிக்கும் அதே உரிமையை வழங்க வேண்டும்.